சத்தம் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் அதன் திரையைத்தான் பார்க்கிறோம். அதன் சத்தத்தைக் கேட்பதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ஒரு நாள் இரவில் "என்ன இது, இப்படி இரைகிறதே" என்று தோன்றும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். என்ன செய்யக் கூடாது என்று எழுத எனக்குத் தகுதி உண்டு. சத்தத்தை நிறுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பி, நன்றாக இருந்த ஓர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, மூன்று தங்க மீன்களையும் சாகடித்தவன் நான்.

எங்கள் வீட்டு ஹாலில் ஐந்தடி நீள மேஜை ஒன்று. அதன் ஒரு பக்கம் மானிட்டரும் கேபினெட்டும். மறு பக்கம் இரண்டடி மீன் தொட்டி. சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ரிச்சி தெரு என்றால் வண்ண மீன்களுக்குக் கொளத்தூர். ஏழாவது படிக்கும் மகளின் பிறந்த நாளுக்கு அங்கே அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்த தொட்டி அது. மேஜையில் இடம் இருந்தது, வைத்துவிட்டோம். ஐம்பது லிட்டர் தண்ணீர் என்றால் ஐம்பது கிலோ என்பதோ, தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் குடியிருக்கலாமா என்பதோ அப்போது தோன்றவில்லை.

சித்திரை மாதத்தில் சத்தம் ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு "கொர்ர்" என்று. ஹாலில் படுப்பவர் என் அம்மா. "ஏம்ப்பா, ராத்திரி பூரா மாவு மில்லு ஓடுற மாதிரி இருக்குதே, அந்தப் பெட்டியை அணைக்கக் கூடாதா?" என்றார். அந்த வாரம் பழைய போட்டோக்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் காப்பி செய்து கொண்டிருந்தேன். இரவு முழுவதும் கம்ப்யூட்டர் ஓடியது. கேபினெட்டின் மேல் கை வைத்தேன், அதிர்ந்தது. அழுத்திப் பிடித்தேன், சத்தம் குறைந்தது. வேறு சாட்சி வேண்டுமா? கம்ப்யூட்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு நிமிடம் அதை ஷட் டவுன் செய்து, காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செய்யவில்லை.

மறுநாள் கேபினெட்டைத் தூக்கிக் கொண்டு வீட்டருகே இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். "சத்தம் வருகிறது" என்றேன். அவர் பவர் வயரைச் செருகக்கூட இல்லை. "எஸ்எம்பிஎஸ் ஃபேன் போயிருக்கும் சார், மாற்றிடலாம்" என்றார். மாற்றினார். 1,850 ரூபாய். அவர் கேட்டுப் பார்க்கவில்லை என்பதைவிட, கேட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கேட்டு வாங்கிக் கொண்டேன். கழற்றிய பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் காசு.

வீட்டுக்கு வந்து கேபினெட்டைக் கீழே வைத்தேன். இன்னும் எந்த வயரும் மாட்டவில்லை. மேஜையிலிருந்து "கொர்ர்" என்று வந்தது. மீன் தொட்டியின் ஃபில்டர்!

இரண்டாவது தவறு இங்கேதான். முதல் தவறில் பணம் போனது, இதில் உயிர் போனது. நம் இரைச்சல் பிரச்சினைகளுக்கு எல்லாம் நாம் முதலில் தேடுவது சுவிட்சைத்தானே? இரவு பதினொரு மணிக்கு ஃபில்டரை அணைத்து, காலை ஆறு மணிக்குப் போட ஆரம்பித்தேன். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். ஐந்தாம் நாள் காலையில் மூன்று மீன்களும் மிதந்தன. அதற்கு முந்தைய நாளே அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தன. பசி என்று நினைத்து தீனி போட்டேன்.

"அப்பா, நைட்ல மோட்டாரை நீங்கதானே நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாள் மகள். ஆமாம் என்றேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ஏன் செத்தன என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்து கொண்டேன். ஃபில்டர் என்பது அழுக்கைப் பிடிக்கும் வலை மட்டும் அல்ல. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள்தான் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அவை மடிய ஆரம்பிக்கும். காலையில் நான் சுவிட்சைப் போட்டபோது, இரவெல்லாம் ஸ்பாஞ்சில் அழுகியது அத்தனையும் தொட்டிக்குள் போயிருக்கிறது. போதாக்குறைக்குக் கோடை. 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். தங்க மீனோ அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன்.

சரி, அந்தச் சத்தம்தான் எதனால் வந்தது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே இம்பெல்லர் என்ற சின்ன விசிறி இருக்கிறது. அதன் அடியில் ஒரு காந்த உருளை. நடுவில் மெல்லிய தண்டு, பெரும்பாலும் பீங்கான் வகை. சுற்றியுள்ள கம்பிச் சுருள் பிளாஸ்டிக்குள் முழுக்க அடைக்கப்பட்டிருக்கும், தண்ணீர் படாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தக் காந்தம் நிமிடத்திற்கு 3000 முறை சுற்றும். அப்படிச் சுற்றும் இடத்தில் ஒரு மணல் துணுக்கு சிக்கியிருந்தது. சுவரெல்லாம் வழவழ என்று பாசி. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். பத்து நிமிடம். சத்தம் போயே போய்விட்டது. செலவு எதுவும் இல்லை.

மிச்சம் இருந்த லேசான "ம்ம்ம்" ஒலிக்குக் காரணம், உறிஞ்சு கப் ஒன்று கழன்று ஃபில்டர் நேரடியாகக் கண்ணாடியைத் தொட்டுக் கொண்டிருந்தது. கண்ணாடி மேஜையை அதிர வைக்க, மேஜை கேபினெட்டை அதிர வைக்க, கேபினெட்டின் தளர்ந்த பக்கத் தகடு தாளம் போட்டது. சத்தம் கேட்ட இடம் வேறு, பிறந்த இடம் வேறு.

ஒரு மீன் தொட்டிக் கதையைக் கம்ப்யூட்டர் இதழில் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். நம்மில் பலர் கம்ப்யூட்டருக்கும் இதையேதான் செய்கிறோம். ஃபேன் இரைகிறது என்று அதன் கனெக்டரைப் பிடுங்கி விடுகிறவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்து என்று திரையில் வரும். அந்த எச்சரிக்கையையும் பயாஸில் போய் அணைத்து விடுவார்கள்! நான் சுவிட்சை அணைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்றைய ப்ராசசர்கள் மீன் போல உடனே சாகாது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும், அதையும் மீறினால் அணைந்துவிடும். ஆனால் "புது கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, வைரஸ் இருக்கும்" என்று மூன்று முறை விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்த நண்பரின் பெட்டியைத் திறந்தபோது, ஹீட் சிங்கின் மேல் கம்பளிப் போர்வை மாதிரி தூசி. வைரஸ் எல்லாம் ஒன்றும் இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: சத்தம் வந்தால் முதலில் எதையும் வாங்காதீர்கள், எதையும் நிறுத்தியும் வைக்காதீர்கள். கண்டுபிடியுங்கள். அறையில் ஓடும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிமிடம் மட்டும் அணைத்துக் கேளுங்கள். சீலிங் ஃபேன், யுபிஎஸ், ஃபில்டர், கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர்தான் என்றால் பழைய காலண்டரைச் சுருட்டிக் குழாயாக்கி, காதில் வைத்துக் கேபினெட்டைச் சுற்றி வாருங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலத்தான். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"டக்... டக்..." என்று விட்டு விட்டு வந்தால் அது ஃபேன் அல்ல, ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். அங்கே மட்டும் தாமதிக்காதீர்கள். கழற்றிப் பார்ப்பதற்கு முன், தட்டிப் பார்ப்பதற்கு முன், முக்கிய பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து விடுங்கள். எஸ்எஸ்டி மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் இந்தச் சத்தம் வராது. அதற்காக காப்பி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. எஸ்எஸ்டி சாகும்போது சத்தம் போடாமலே செத்துவிடும், அவ்வளவுதான்.

கரகர என்றால் ஃபேன் பேரிங். சீராக "உஸ்" என்று ஏறிக் கொண்டே போனால் தூசியும் சூடும். எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். வெப்பம், ஃபேன் வேகம் இரண்டையும் காட்டும். தூசி தட்ட பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக் கொண்டு புளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெட்டுப் போகும். கேபினெட்டில் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடையில் கேட்டுவிட்டுத் திறக்கவும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எண்ணெய் விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண ஸ்லீவ் பேரிங் ஃபேனில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் சில மாதம் தாக்குப் பிடிக்க வைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், குளிரில் உறையும் எண்ணெய் அது. கையோடு புது ஃபேன் வாங்கி விடுவதுதான் புத்திசாலித்தனம். மீன் ஃபில்டருக்கோ எந்த எண்ணெயும் கூடாது. அதற்குத் தண்ணீரே எண்ணெய்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. சத்தமில்லாத கம்ப்யூட்டருக்காகப் படாத பாடு பட்டவர்கள் உண்டு. 2004-ல் வந்த பெண்டியம் 4 பிரஸ்காட் வகைகளில் 100 வாட்டைத் தாண்டியவை இருந்தன, ஃபேன்கள் அலறின. 2006-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ்க்காரர்கள் ஃபேன்களைக் கழற்றிவிட்டு மதர்போர்டைச் சமையல் எண்ணெயில் மூழ்க வைத்தே ஓட்டிக் காட்டினார்கள். எண்ணெயில் மின்சாரம் பாயாது என்பதால் அது ஓடியது. வடை சுடுவதற்கு மிச்சம் இருந்ததா என்று தெரியவில்லை!

எங்கள் வீட்டில் இப்போது தொட்டி தனியாக இரும்பு ஸ்டாண்டில் இருக்கிறது, கம்ப்யூட்டரிலிருந்து நான்கடி தள்ளி. ஃபில்டர் வயர் பிளக்குக்கு நேராக ஏறாமல், முதலில் தாழத் தொங்கி, வளைந்து மேலே போகிறது. வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டேன். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். வீட்டில் தொட்டி இருக்கிறதோ இல்லையோ, கம்ப்யூட்டர் வாங்கும்போது எலக்ட்ரீஷியனிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதும் இல்லை. குளோரின் கலந்த தண்ணீர் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, அதிலேயே பிழிகிறோம். இம்பெல்லரை மகள்தான் மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவுகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டுகிறேன். இரண்டு மாதம் காலியாக இருந்த தொட்டியில் இப்போது இரண்டு மீன்கள் மட்டும். மூன்று வேண்டாம், தொட்டி சிறியது என்று சொன்னது அவள்தான்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் போன வாரம் என் தம்பியின் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஓடுகிறதா என்று பின்னால் கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டியிருந்தது.