அந்த வரியை எடுங்க தோழர்

போன மாசம் ஒரு துண்டறிக்கை என் கையெழுத்துக்காக வந்தது. விவசாயக் கூலிகளின் கூலி உயர்வுக்கான கூட்டம். கோரிக்கைகளில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. நடுவில் ஒரு வரி கிடந்தது: 'எலிக்கறி தின்னும் இழிநிலைக்குத் தள்ளப்பட்ட எம் மக்கள்'. அதை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கொண்டுவந்தவன் நம்ம தெருப் பையன்தான். "அண்ணே, சும்மா ஒரு அடையாளத்துக்குத்தானே போட்டிருக்கு" என்றான்.

யாருக்கு அடையாளம்? எங்க வீட்டு அடுப்பை யாரிடம் காட்டி யார் பரிதாபத்தை வாங்கப் போகிறோம்?

நான் எலிக்கறி தின்னு வளர்ந்தவன். யாரும் தள்ளிவிட்டுத் தின்னவில்லை. கேட்டு, அடம்பிடித்து, தங்கச்சியோடு சண்டை போட்டுத் தின்னேன். கீழத்தஞ்சையில் கதிர் பால்பிடிக்கிற நாளில் அப்பா கிட்டி எடுத்துக்கொண்டு வயலில் இறங்குவார். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிய பொறி அது. அந்தியில் நட்டு, நரியும் நாயும் மோப்பம் பிடிப்பதற்கு முன்னால் விடிகாலையில் எடுத்துவிட வேண்டும். எந்த வரப்பில் எலி ஓடுது, எந்த வளையில் குட்டி இருக்குது, எது பழைய வளை என்பதெல்லாம் சேத்தைப் பார்த்தே சொல்லுவார். இதை எந்த விவசாயக் கல்லூரியும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. நெல்லைத் தின்னு கொழுத்த வயலெலியைத் தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவி, மிளகும் பூண்டும் அரைத்துப் போட்டு அம்மா வதக்குவாள். வீட்டெலியையும் சாக்கடை எலியையும் நாங்கள் தொட மாட்டோம். இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள்தான் எங்கள் சாப்பாட்டைப் பற்றி வரி எழுதுகிறார்கள்.

கூலி எலிக்கு இவ்வளவு என்று கணக்கு. களத்துமேட்டில் அப்பா வால்களை வரிசையாகப் பரப்பி வைப்பார். பண்ணையின் காரியக்காரர் தள்ளி நின்று குச்சியால் புரட்டிப் புரட்டி எண்ணுவார். எண்ணி முடித்ததும் வால்களைத் தீயில் போடச் சொல்வார். மறுநாளும் அதே வாலைக் காட்டிவிடுவோமாம்! காசைக் கையில் தர மாட்டார். மேலே இருந்து போடுவார். இழிவு என்று எழுத வேண்டுமானால் இந்தக் களத்துமேட்டை எழுதுங்கள். கறி என்ன பாவம் செய்தது?

அறுப்பு முடிந்ததும் அப்பாயி மண்வெட்டியோடு கிளம்புவாள். எலி வளைக்குள் இழுத்துப் போட்ட கதிரைத் தோண்டி எடுத்து, புடைத்து, அவித்துக் காயவைத்தால் சில வருசம் ஒரு மரக்காலுக்கு மேலேயே தேறும். ஒரு வருசம் காரியக்காரர் வந்து நின்று, பண்ணை வயல் நெல்லுதானே, பாதி கொடு என்றார். "எலி தூக்கிட்டுப் போவும்போது எங்கங்க ஆண்டே இருந்தீங்க?" என்று கேட்டாள் அப்பாயி. கேட்டாளே தவிர, பாதியை அளந்துதான் கொடுத்தாள். கொடுக்காமல் அந்த ஊரில் குடியிருக்க முடியாது.

எலி திருடுதாம். நம்ம புலவர்மாரும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். புறநானூற்றின் 190ஆம் பாட்டைப் பாடிய சோழன் நல்லுருத்திரனுக்கு, கதிரைக் கொண்டுபோய் வளை நிறையச் சேர்த்துவைக்கிற எலி கஞ்சனுக்கு உவமை. அப்படிப்பட்ட ஆள் உறவு வேண்டாம், இடப்பக்கம் விழுந்த பன்றியைத் தொடாத புலி போன்ற ஆள் உறவு வேண்டும் என்கிறான். அரசனுக்குப் புலிதான் பிடிக்கும். பறித்துத் தின்னுகிறவனுக்குப் பறித்துத் தின்னுகிறதுதானே கூட்டு? ஊர் நெல்லையெல்லாம் களஞ்சியத்தில் அடைத்தவனை எந்தப் பாட்டு எலி என்றது?

பிள்ளையார் காலடியில் இருப்பதை மூஞ்சூறு என்கிறார்கள். மூஞ்சூறு எலி இனமே கிடையாது. பூச்சி பொட்டுகளைத் தின்னும் பிராணி. அதுக்குக் கொழுக்கட்டை. வயலில் இருக்கிற நிஜ எலிக்குத் துத்தநாக பாஸ்பைடு. மருந்து வந்த பிறகு எங்கள் வரப்பில் செத்த எலி கிடக்கும், எடுக்க முடியாது. கிட்டிக் கூலியும் போச்சு, கறியும் போச்சு. இந்த இழப்பு எந்த அறிக்கையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

நானும் யோக்கியன் இல்லை. கல்லூரி விடுதியில் இருந்தபோது அம்மா ஒருநாள் தூக்குவாளியில் வறுத்துக்கொண்டு வந்தாள். பஸ் மாறி மாறி வந்து, வாட்ச்மேன் உள்ளே விடாமல் கேட்டிலேயே நின்றாள். அறையில் இருந்தவர்கள் என்னடா என்று கேட்க, காடை என்றேன். ஊர்த்தெருப் பையன்கள் மூன்று பேர் வாளியை வழித்துத் தின்றார்கள். உங்கம்மா கைக்கு வளையல் போடணும்டா என்றான் ஒருவன். அம்மா திரும்ப வந்து கேட்டபோது, இனிமே எடுத்துட்டு வராதே என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அப்புறம் எடுத்து வரவும் இல்லை. 'எலிக்கறி தின்னும் இழிநிலை' என்ற வரியை எனக்குள்ளே நான் எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான். அதனால்தான் இன்றைக்கு அடிக்கிறேன்.

2017 மார்ச்சில் தமிழ்நாட்டு விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் எலியைப் பல்லில் கடித்துக்கொண்டு போராடினார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டா கருகிப்போனது நிஜம். கடன் தள்ளுபடி கேட்டது நியாயம். அந்தப் போராட்டத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் படம் ஏன் அத்தனை வேலை செய்தது என்று யோசியுங்கள். பார்க்கிறவன் அருவருக்க வேண்டும். நிலமுள்ளவன் எங்கள் சாப்பாட்டை வாயில் வைத்துவிட்டால் அது தேசத்துக்கே அவமானம். நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்னதற்கு எந்த கேமரா வந்தது? அத்தோடு, தள்ளுபடி ஆவதற்குப் பயிர்க்கடன் இருக்க வேண்டும். பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். எங்களுக்கு எது அடங்கல்?

பீகாரில் ஒரு சாதிக்கே முசகர் என்று பெயர். எலி தின்னுகிறவன் என்று அர்த்தம். அதில் பிறந்த ஜீதன் ராம் மாஞ்சி 2014 மே மாதம் முதலமைச்சர் ஆனார். நானும் எலி தின்றிருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் அரசியல் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பேச்சு மட்டும் பிடித்திருந்தது. 2015 பிப்ரவரியில் பதவி போய்விட்டது, அது வேறு கதை.

வறுமையைக் கொண்டாடுகிறாயா என்று கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள். அய்யா, எங்கள் வீட்டில் எலி இருந்த நாள் பசியில்லாத நாள். பசி, கோடையில் வரும். வேலை இல்லாத ஆடியில் வரும். நெல்லை விளைவித்தவள் வளையைத் தோண்டி நெல் எடுக்கிறாளே, அதைப் பற்றிப் பேசுங்கள், பேசுவோம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 உயிரைக் குடிசையோடு கொளுத்தினார்களே, அது எதனால்? கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடி பிடித்ததும்தான். அங்கே எதிரே நின்றது மிராசுதார். எலி இல்லை.

"சரிண்ணே, தோழர்கிட்ட சொல்றேன்" என்று பையன் போனான். போன வாரம் துண்டறிக்கை அச்சாகி வந்தது. அந்த வரி அப்படியே இருக்கிறது. கீழே என் பெயர் இல்லை. கூட்டத்துக்குப் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சாளர் அந்த வரியைச் சொன்னபோது கைதட்டல் வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் தெருக் கிழவி மட்டும் திரும்பிப் பார்த்து, "என்னடா சொல்றான் அந்தாளு?" என்று கேட்டாள்.