எந்த ஊர்னே தெரியாத படம் ஏன் பிடிக்கிறது?

குன்னூர் டால்பின் நோஸ் படம் போட்டால், 'அட, நாமளும் போனோமே!' என்று லைக் குவியும். அதில் பாதி லைக் இடத்துக்கு, படத்துக்கு இல்லை.

இடத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு இதே சிக்கல் வந்தது. அவர் எடுக்கும் ஆட்களால்தான் படங்கள் எடுபடுகின்றன என்றொரு பேச்சு. 1922-ல் கேமராவை மேகங்கள் பக்கம் திருப்பினார். 'ஈக்குவலன்ட்ஸ்' என்று பின்னர் பெயர் பெற்ற அந்த வரிசையில் பல படங்களில் தரையே கிடையாது. மேல் எது, கீழ் எது என்பதுகூடப் பிடிபடாது.

நீலகிரியில் மேகம் வரை போக வேண்டாம். ஒரு தேயிலைச் சரிவை, வானமும் சாலையும் விழாமல் ஜூம் செய்து எடுத்தால் போதும். பச்சைப் பரப்பில் வளைந்தோடும் கருங்கோடுகள். விரல் ரேகையா, பாம்புத் தோலா? அளவு தெரியாததால் கண் அங்கேயே நின்று தேடுகிறது.

குழப்பம் மட்டும் போதாது. கை ஆடி மங்கிய படத்திலும்தான் ஒன்றும் புரியாது. அதை யார் இரண்டாம் முறை பார்க்கிறார்கள்? தேயிலைக் கோடுகளுக்குக் காரணம் உண்டு. கொழுந்து பறிப்பவர்கள் நடக்க விட்ட இடைவெளி அவை. சரிவைச் சுற்றிப் போவதால் வளைகின்றன. திரும்பத் திரும்பப் பறிப்பதால் செடியின் தலை மேசை மாதிரி மட்டமாகிறது. காலைச் சாய்வெயில் அந்த மட்டத்தில் தங்க, இடைவெளி இருட்டாகிறது. உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் சப்பை.

பக்கத்தில் கவாத்து பண்ணிய பகுதி வந்தால் இன்னும் விசேஷம். பச்சை சட்டென்று அறுந்து, பழுப்புக் குச்சிகளின் கிறுக்கல். காரணம் தெரியாதவர் கண்ணும் ஒழுங்கை உணர்கிறது. அது எங்கே உடைகிறது என்று தேடிப் போகிறது. மூடுபனிப் படங்களில் பெரும்பாலும் இந்த உடைசல் இல்லை. பனியே அழகு செய்துவிடுவதால் எடுப்பவர் சும்மா இருந்துவிடுகிறார்.

இடத்தை மறைத்தால் உழைப்பும் மறையாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் போஸ்ட்கார்டு படத்தில் மட்டும் உழைப்பு தெரிகிறதா என்ன? இந்தக் கோடுகளாவது அவர்கள் நடந்த தடம். அதில் ஒரு தலைத்துணி சிவப்புப் புள்ளியாக வந்தால், விரல் ரேகை அந்த நொடியே மலையாகிவிடும். அந்தப் புள்ளியைச் சேர்ப்பதா, காத்திருந்து விடுவதா என்பதில்தான் எடுப்பவரின் வேலை இருக்கிறது.