பிளாக்பள்ளியும் நம் பள்ளியும்

பெங்களூரில் வாழும் தமிழரை 'நேற்று வந்தவர்கள்' என்று எவரேனும் சொல்லிவிட்டால் நமக்குச் சினம் பொங்குகிறது. உடனே சிவாஜிநகரின் தூய மரியன்னை பேராலயத்தைச் சுட்டிக்காட்டி, "எங்கள் முன்னோர் நட்ட கொடி இது" என்கிறோம். சொல்வது உண்மையே. ஆயினும், அதைச் சொல்லும் தகுதியை நாம் காத்துக்கொண்டோமா?

இன்றைய சிவாஜிநகர் முன்னாளில் பிளாக்பள்ளி. செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவ உழவர்கள் இங்கே நெல் விளைவித்து வாழ்ந்தனர். அவர்தம் வெள்ளை அரிசியைக் கன்னடத்தார் 'பிளி அக்கி' என்றழைக்க, அதுவே மருவி ஊர்ப்பெயராயிற்று என்பாரும் உளர். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டிற்கு வந்த பிரெஞ்சுக் குரு துபுவா அடிகளார், இவர்களுக்கெனக் கூரை வேய்ந்த சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். அது காணிக்கை மாதா கோயில் எனப்பட்டது. 1809இல் தோன்றிய படைவீட்டை நம்பி மேலும் பல தமிழ்க் குடும்பங்கள் வந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த அந்திரேயா அடிகளார் 1813இல் சிலுவை வடிவில் கோயில் கட்டினார். 1832ஆம் ஆண்டுக் கலவரத்தில் அது சிதைந்தது, மக்கள் சிதறவில்லை. கிளைனர் அடிகளார் காலத்தில் வானளாவ எழுந்த கோயில் 1882 செப்டம்பர் 8ஆம் நாள் அருச்சிக்கப்பட்டது. 1974 சனவரி 26இல் பேராலயமாக உயர்வு பெற்றது. இன்றும் ஆகஸ்டு 29இல் கொடியேறினால், சேலையுடுத்திய அன்னையைக் காணச் சமயவேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர்.

இவ்வளவும் பெருமைதான். நிற்க.

கோயிலைக் காத்த நாம் மொழியைக் காத்தோமா? திருப்பலி எம்மொழியில் என்று இந்நகரில் எத்துணை வழக்காடினோம்! ஆனால் தமிழ்ப் பூசைக்கு வரும் நம் பிள்ளைகளில் சிலர், தமிழ்ச் செபத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பதை நாமே கண்டோம். கல்லறைத் தோட்டத்தில் பாட்டனார் பெயரைப் பேரனுக்குப் பிறர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குக் கன்னடத்தின்மீது பழிபோடுவது பேதைமை. 1991ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தில் நாம் பட்ட துயரை மறக்கவில்லை. எனினும் கன்னடம் நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி. அதைப் பிழையறக் கற்பது நம் கடமை. நம் பிள்ளைகளிடமிருந்து தமிழைப் பறித்தது கன்னடமன்று. நம் ஆங்கில மோகமே. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. பயிற்றுமொழியைத் தேரும் உரிமை பெற்றோருக்கே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை நம் கைக்கு வந்தது. நாம் எதைத் தேர்ந்தோம்? தமிழ் வகுப்பில் மாணவர் இல்லையென்றால், அவ்விருக்கையைக் காலி செய்தவர் யார்?

"ஆங்கிலமின்றிப் பிழைப்பு ஏது?" என்பர். அலுவலகக் கோப்புகளில் ஆங்கிலம் எழுதியே ஊதியம் பெறும் நாம் அதை மறுப்போமா? ஆங்கிலம் கற்கட்டும், கன்னடமும் கற்கட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழுக்கு ஒதுக்கினால் எந்தப் பிழைப்பு கெடும்? கோப்பில் ஒரு தாள் காணாமற்போனால் மேலதிகாரிக்கு விளக்கம் எழுதுகிறோம். ஒரு தலைமுறையின் எழுத்தே காணாமற்போனால் யாருக்கு விளக்கம் எழுதுவோம்?

பள்ளி என்னும் சொல்லுக்குத் தமிழில் ஊர், வழிபாட்டிடம், கல்விக்கூடம் என்று பல பொருள் உண்டு. பிளாக்பள்ளி உழவர்கள் முதலில் ஊரமைத்தனர்; பின்பு வழிபாட்டிடம் கண்டனர். கல்விக்கூடத்தைக் காக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டுச் சென்றனர். அச்சொல்லுக்கு உறக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. நாம் அதனையே தேர்ந்துகொண்டோம் போலும்!

தமிழன்பர்களே, கோபுரத்தைச் சுட்டிய விரலால், இன்றிரவு நம் பிள்ளையின் கைப்பிடித்து 'அ' எழுதுவோம். நேற்று வந்தவர் அல்லர் நாம் என்பதற்கு அதுவே சான்றாகும்.