பிடுங்கிய கண்ணும் கொடுத்த கண்ணும்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் வருஷந்தோறும் பங்குனி உற்சவத்தின் 8-ம் நாள், அறுபத்துமூவர் விழா என்பதாக ஒரு ஊர்வலம் நடந்து வருவது வாசகர்கள் அறிந்ததே. நாயன்மார்களின் உருவங்களைப் பல்லக்குகளில் ஏற்றி மாட வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். பட்டணத்து ஜனங்கள் மாத்திரமல்லாமல் வெளியூர் ஜனங்களும் திரள் திரளாக வந்து கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். வழியெல்லாம் மோரும் தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்கள். தாகத்திற்குத் தண்ணீரும் பசிக்குச் சோறும் கொடுப்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால், பல்லக்கில் போகிறவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் காரியங்கள் என்ன, அவை மனிதன் பின்பற்றத் தக்கவைதானா என்பதை ஒருவராவது யோசித்ததுண்டா என்றுதான் கேட்கிறோம்.

பெரியபுராணம் சொல்லுகிறபடியே சொல்லுவோம். மூர்த்தி நாயனார் சந்தனக் கட்டை கிடைக்காததற்காகத் தம் முழங்கையையே கல்லில் தேய்த்தார். தோலும் சதையும் போய் எலும்பு தேய்ந்தது. திருவொற்றியூர்க் கலிய நாயனார் எண்ணெய்க்கு வழியில்லாமல் தம் கழுத்தை அரிந்து இரத்தத்தால் விளக்கெரிக்கத் துணிந்தார். செருத்துணை நாயனார், கீழே கிடந்த பூவை மோந்ததற்காக ஒரு ராணியின் மூக்கை அறுத்தார். சிறுத்தொண்டர் பெற்ற பிள்ளையையே அரிந்து கறி சமைத்தார். தோலை உரிப்பதும், சதையைக் கிழிப்பதும், உறுப்பை அறுப்பதும் கசாப்புக்கடையில் நடந்தால் அதற்கு ஒரு பெயர், தெருவில் நடந்தால் போலீஸ் கேஸ், கோயிலில் நடந்தால் பக்தி! இது என்ன நியாயம்?

இவர்களுக்குள் அதிகப் பிரபலமானவர் கண்ணப்பர். காளத்தி மலையில் சாமியின் கண்ணில் இரத்தம் வழிந்ததாம். திண்ணன் என்ற அந்த வேடன் முதலில் காட்டுக்குள் ஓடிப் பச்சிலை தேடிக் கொண்டு வந்து பிழிந்தானாம். இதுவரையில் அவன் அறிவோடு நடந்தான் என்றே நாம் சொல்லுவோம். காயத்திற்கு மருந்து தேடுவது மனித சுபாவம். அது பலிக்காமற் போகவே, அம்பால் தன் கண்ணைத் தோண்டியெடுத்துச் சாமிக்கு அப்பினானாம். மற்றக் கண்ணையும் தோண்டப் போனபோதுதான் சாமி கையை நீட்டித் தடுத்ததாம்.

கதையில் இன்னொருவரும் இருக்கிறார். அவர் சிவகோசரியார் என்ற அர்ச்சகர். வேடனுடைய பக்தியை அவருக்குக் காட்டுவதற்காகவே சாமி இந்த நாடகத்தை நடத்தியதாம். அர்ச்சகர் ஒளிந்து நின்று பார்த்தாரேயொழிய, அவருக்கு ஒரு மயிர்கூட உதிரவில்லை. காட்டு மனிதன் தன் பக்தியை நிரூபிக்கக் கண்ணைக் கொடுக்க வேண்டும். நந்தனார் தீயில் இறங்க வேண்டும். அர்ச்சகரோ பிறந்தாலே போதும்! அந்த வேடனுக்குப் பல்லக்குக் கொடுத்தவர்கள், அவனுடைய இனத்தாரைக் கர்ப்பக்கிரகத்திற்குள் விட்டார்களா? எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்பதற்காக 1970-ல் சட்டம் செய்தும், அரசாங்கப் பள்ளியில் பயிற்சி பெற்ற 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் உத்தரவு கிடைத்தது. அதற்குப் பிறகும் கோர்ட்டுக்குப் போனார்கள் என்றால், கண்ணப்பரிடம் இவர்கள் வைத்திருக்கும் மரியாதை எவ்வளவு என்பது தெரியவில்லையா?

நிற்க. கண்ணைத் தோண்டி இன்னொரு முகத்தில் அப்பினால் பார்வை வருமா? கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறது. அதில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அறுந்துபோனால் அவை திரும்ப ஒட்டுவதில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் பெரிய டாக்டர்கள் கூடி, மின்சார விபத்தில் கண்ணிழந்த ஒருவருக்கு, இறந்துபோன ஒருவரின் கண்ணை முழுசாகவே வைத்துப் பார்த்தார்கள். கண்ணில் இரத்தம் ஓடிற்று. ஆனால் பார்வை வரவில்லை. டாக்டர்கள் இதை ஒளிக்காமல் உலகத்திற்குச் சொன்னார்கள். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

ஆனால், கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிப் படலத்தை மாற்ற முடியும். அதில் இரத்தக் குழாயே கிடையாது. நரம்பை ஒட்ட வேண்டிய தொல்லையும் இல்லை. 1905 டிசம்பரில் ஓல்முட்ஸ் என்ற ஐரோப்பிய நகரத்தில், சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் வெந்துபோன ஒரு கூலியாளுக்கு சிர்ம் என்ற டாக்டர் இதைச் செய்தார். படலம் எங்கிருந்து கிடைத்தது? இரும்புத் துண்டு பாய்ந்ததால் எடுத்தே தீரவேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து. கெட்டுப்போன ஒரு கண் இன்னொருவனுக்குப் பார்வையாயிற்று. அந்தக் கூலியாள் திரும்பவும் வேலைக்குப் போனான். அற்புதம் என்றால் இதையல்லவா சொல்ல வேண்டும்!

வெளிநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். மாட வீதியிலிருந்து சுமார் நாலு மைலில், 1819-ல் ஏற்பட்ட எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945-ல் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா அங்கேதான் ஏற்படுத்தினார். இந்த வங்கி உயிரோடிருப்பவனுடைய கண்ணைக் கேட்பதில்லை. அம்பும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம். செத்த பிறகு, மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிறதைத்தான் கேட்கிறது.

இதைக் கொடுக்க விடாமல் தடுப்பது எது? "கண்ணை எடுத்துவிட்டால் அடுத்த ஜன்மத்தில் குருடாய்ப் பிறப்பான், மேலுலகத்துக்கு வழி தெரியாது" என்னும் பேச்சுத்தான். உயிரோடு கண்ணைத் தோண்டியவனுக்கு மோட்சமாம். செத்தபின் கொடுத்தவனுக்குக் குருட்டு ஜன்மமாம்! இரண்டையும் சொல்லுவது ஒரே வாய்தானே?

ஆதலால் தோழர்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ளவேண்டும். மரணம் நேர்ந்த 6 மணி நேரத்திற்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லியனுப்பி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கே வந்து அரைமணிக்குள் முடித்துவிடுவார்கள், முகம் கோரமாகாது. கண்ணாடி போட்டவர்களும் கண்புரை ஆப்பரேஷன் செய்து கொண்டவர்களும் வயதானவர்களும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ் போன்ற வியாதிகளால் இறந்தவர்கள் கண் மாத்திரம் உதவாது. எழுதிக் கொடுத்தால் போதாது. அந்த நேரத்தில் சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டார். ஆகவே மனைவியிடமும் மக்களிடமும் இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும். அழுகையும் சடங்கும் ஆரம்பித்துவிட்டால் 6 மணி நேரம் சிட்டாய்ப் பறந்துவிடும்.

கல்லுக்குக் கண்ணும் இல்லை, காயமும் இல்லை. கருவிழி வெளுத்துப்போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் மனிதன் இருக்கிறான். அடுத்த பங்குனியில் பல்லக்குக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிற ஒவ்வொருவரும், அவனை நினைத்து வீட்டிலே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். அவன் பார்க்கும்போது, உங்கள் கண் எந்தச் சாதிக் கண் என்று கேட்க மாட்டான்.