அளவுகோலும் அடைத்த கதவும்

நான்கு வயதுக் குழந்தையை முன்பின் அறியாத ஒருவர் எதிரே அமர்த்தி, படங்களைக் காட்டி வினாக்கள் தொடுத்து, கிடைக்கும் மதிப்பெண்ணைக் கொண்டு 'இது மீத்திறன் குழந்தை, இது அன்று' என்று தீர்ப்பெழுதுவதை அறிவியல் என்று ஏற்க நம்மால் இயலவில்லை. நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் பல்லாண்டுகள் இதைத்தான் செய்தன.

இச்சோதனை எதற்காகப் பிறந்தது? 1905-இல் பாரிசில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சீமோனும் முதல் நுண்ணறிவு அளவுகோலை வகுத்தனர். பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக்கவனம் அளிப்பதே அவர்கள் நாடியது. அறிவு என்பது கூட்டவியலாத நிலைத்த அளவு என்ற கருத்தைப் பினே வன்மையாகக் கண்டித்தவர். அவர் 1911-இல் மறைந்தார். அவருடைய கண்டனத்தையும் அவருடனேயே புதைத்துவிட்டனர் போலும்.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1916-இல் அவ்வளவுகோலைத் திருத்தியமைத்தார்; 1921-இல் அதைக்கொண்டு மீத்திறன் சிறார்களைத் தேர்ந்து நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். அன்று வரம்பை எட்டாமல் விலக்கப்பட்டோருள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரசும் இருந்தனர். முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் எவரும் அப்பரிசைப் பெறவில்லை. நோபல் பரிசு அரிதினும் அரிது. இவ்வொன்றைக் கொண்டே சோதனை முற்றும் பொய் என்று நாம் வாதிடவில்லை. (அதே ஷாக்லி பிற்காலத்தில் நுண்ணறிவு ஈவைக் காட்டி மனித இனங்களைத் தரம் பிரித்தார் என்பது தனிச் சோகம்.)

நியூயார்க்கிற்கு வருவோம். 2008 முதல் நகர் முழுதுக்கும் ஒரே வரம்பு வந்தது. ஒத்த வயதினருள் 90 விழுக்காட்டினரை எட்டி விஞ்சும் குழந்தை வட்டார மீத்திறன் வகுப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். நகரனைத்துக்கும் பொதுவான சிறப்புப் பள்ளிகளுக்கு 97 வேண்டும். நடுநிலை காக்கவே இம்முறை என்றனர். நடந்ததென்ன? வசதியுள்ள பெற்றோர் பயிற்சி நிலையங்களை நாடினர். மாதிரி வினாக்கள் விலைபோயின. பயிற்சியால் உயர்த்தக்க மதிப்பெண் அளப்பது பிள்ளையின் திறனையா, தந்தையின் பணப்பையையா? நகரப் பள்ளிகளில் பெரும்பான்மையினரான கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழிக் குழந்தைகள் இவ்வகுப்புகளில் சிறுபான்மையினராயினர்.

2013 ஏப்ரலில் மற்றொன்று வெளிப்பட்டது. மதிப்பெண் கணக்கிட்டதில் நேர்ந்த பிழைகளால், தகுதி பெற்றிருந்த ஏறத்தாழ 2,700 குழந்தைகள் தகுதியற்றோர் என்று அறிவிக்கப்பட்டிருந்தனர். வயதை நாள்வரை கணக்கிடாமல் விட்டது அப்பிழைகளுள் ஒன்று. சில நாள் வேறுபாட்டில் வந்தும் போயும் ஆடுகின்ற ஒன்றைத்தான் பிறவிப்பேறு என்று போற்றினர்! 2021 ஜனவரியில் நகரக் கல்விக் குழு அத்தேர்வுக்கான ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்தது. ஆசிரியர் பரிந்துரையும் குலுக்கலும் அதன் இடத்துக்கு வந்தன.

சோதனையை விலக்கினால் பரிந்துரையில் ஓரவஞ்சனை புகும் என்பர் சிலர். அவ்வெதிர்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. புளோரிடா மாநிலத்துப் பிரௌவர்டு வட்டாரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த பிள்ளைகளே முன்பு சோதிக்கப்பட்டனர். ஏழைப்பிள்ளைகள் பலர் எவர் கண்ணிலும் படவில்லை. 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் கட்டணமின்றிச் சோதிக்கத் தொடங்கினர். மீத்திறன் வகுப்புகளில் ஏழைப்பிள்ளைகளின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது. ஆக, நாம் எதிர்ப்பது அளவுகோலை அன்று. விண்ணப்பித்தவரை மட்டும் அளந்து மற்றவர்க்குக் கதவடைக்கும் வழக்கத்தையே. பினே விரும்பியபடி அதே கோல் பிள்ளைகளைத் தேடிச் சென்றபோது அது நன்மையே செய்தது.

பின்னர்ப் பிரௌவர்டில் நிதி நெருக்கடி நேர்ந்தது. அனைவரையும் சோதிப்பது செலவு மிகுந்தது என்று அத்திட்டத்தை நிறுத்தினர். மீத்திறன் வகுப்புகளில் ஏழைப்பிள்ளைகளின் எண்ணிக்கை பழைய நிலைக்கே இறங்கிற்று.