குளத்துக்கு இரண்டு பேர் வாருங்கள்!

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வந்து இறங்க நாலைந்து வாரம்தான் இருக்கிறது. தாமிரபரணிக் கடைமடையில் மறுகால் ஓடைகள் பல இன்னும் உடைமரம் மண்டிக் கிடக்கின்றன. மடைக் கதவுகள் துருப்பிடித்து நிற்கின்றன. போன வருஷம் வரை இந்நேரம் அண்ணாச்சி நம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "எப்பம்லே கிளம்புத?" என்று விரட்டியிருப்பார். ஆனி மாதம் அவரை இழந்தோம். இரங்கல் கூட்டம் முடிந்தது, படத்திறப்பும் முடிந்தது. அவர் பாதியில் விட்டுப்போன வேலை அப்படியே இருக்கிறது. அதற்கு ஆள் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாத இளைய தோழர்களுக்காகச் சில வார்த்தைகள். அண்ணாச்சி பொறியாளர் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிர்க்கடன் எழுதி எழுதியே சர்வே எண், வாய்க்கால், மடை எல்லாம் அவருக்கு மனப்பாடம். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் தண்ணீரைப் பற்றி எழுதி வைக்கத் தொடங்கினார். சங்கத்தில் கணக்கு எழுதும் அதே நீளமான பேரேடு, அதே நீல மை. பாசனம் பற்றிப் பேச அவரை எத்தனையோ கூட்டங்களுக்கு அழைத்திருக்கிறோம். மேடையில் அவர் அதிகம் பேசியதில்லை. கரையில் நடக்கும்போதுதான் வாய் திறப்பார்.

"அணையில எவ்வளவு தண்ணி கெடக்குன்னு தெனமும் பேப்பர்ல போடுதான். மறுகால்ல எவ்வளவு முள்ளு நிக்கின்னு எவம்லே போடுவான்?" என்று கேட்பார். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியே 70 செ.மீ.யைத் தொடாது. ஒரு வருஷத்து மழைக்கும் மேலே ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும்? ஆற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் ஓடியது. ஏரல் துண்டானது. ஆழ்வார்திருநகரி, ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் என்று ஆற்றங்கரை ஊர்கள் தீவுகளாயின. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. நிலையத்துக்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கி அந்தப் பயணிகளுக்குச் சோறு கொடுத்தார்கள். மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக மக்களை மீட்டார்கள். அரசின் கை எட்டுவதற்கு முன்னால் எட்டியது இவர்களுடைய கைதான்.

இவ்வளவு மழை பெய்தால் யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அண்ணாச்சி இந்தக் கேள்வியை ஒருபோதும் ஏற்றதில்லை. மழையை நிறுத்த முடியாது. தண்ணீர் போகிற வழியை அடைத்து வைத்தது மழை அல்லவே!

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது வரிசை. கடைசி இரண்டான மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் பிரிகிற நான்கு கால்களை நம்பித்தான் தூத்துக்குடி மாவட்டத்தில் 53 குளங்களும் 46,000 ஏக்கர் நிலமும் இருக்கின்றன. இந்தக் குளங்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேல் குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. கடைசியில் ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். முன்னோர் வெட்டிய கணக்கு இது. மறுகாலுக்குக் கீழே ஓடையில் முள் அடைத்துவிட்டால் தண்ணீர் குளத்துக்குள்ளேயே ஏறும். கரை எந்த இடத்தில் பலவீனமோ அந்த இடத்தில் உடையும். பத்து மணி நேரத்தில் மெதுவாக இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அரை மணி நேரத்தில் கீழ்க் குளத்தின் மேல் விழும். அதுவும் உடையும். அப்புறம் ஊர்.

சாலை போடும்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருப்பீர்கள். ஐம்பது அடி அகல ஓடைக்குக் குறுக்கே மண் மேடு போட்டு, அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய் பதித்துவிட்டுப் பாலம் என்று பெயர் எழுதிவிடுகிறார்கள். ஒரு மழையில் ஒரு குழாயில் அமலைச்செடி வந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் மற்றொன்று. ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்று இயந்திரம் வந்தால் அது முதலில் போய் நிற்பது ஓடைப் புறம்போக்கில் இருக்கிற குடிசை வாசலில். அந்தக் குழாய்ப் பாலத்தை இடித்துவிட்டுக் கண் பாலமாகக் கட்டு என்று உத்தரவு போட யாருக்கும் மனம் வருவதில்லை. அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது இந்த இடத்தில்தான். ஏழை வீட்டை இடித்துவிட்டு வெள்ளத்தைத் தடுத்துவிட்டோம் என்று சொல்வது பொய் என்பார். அந்தப் பொய்யை நாமும் சொல்லக் கூடாது.

இன்னொரு விஷயம். அணையில் இருந்து தண்ணீர் திறந்தால் எச்சரிக்கை வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறோம். பாபநாசமும் சேர்வலாறும் மணிமுத்தாறும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் கடனா, ராமநதி, பச்சையாறு எல்லாம் வழியில் வந்து சேர்கின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் வந்து விழுகிறது. 2023-இல் மலையில் மட்டுமா மழை பெய்தது? சமவெளியிலும் கடற்கரையிலும் கொட்டியது. சமவெளியில் பெய்த அந்தத் தண்ணீருக்கு அணையும் கிடையாது, மதகும் கிடையாது, சங்கு ஊதுகிற ஆளும் கிடையாது.

மற்ற ஊர்களில் அணையில் இருந்து வந்த தண்ணீருக்காவது எச்சரிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரை மக்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையில் 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் விழித்துப் பார்க்கும்போது வீட்டுக்குள் தண்ணீர். முறையாக எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் மக்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து புறப்பட்ட செய்தி கீழத்தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர நடுவில் ஒரு மனிதர் வேண்டும். இங்கே 2023-இல் செல்போன் கோபுரங்கள் செத்துப்போயின, மின்சாரம் போய்விட்டது. குறுஞ்செய்தியால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் கதவைத் தட்ட யார் இருந்தார்கள்?

அண்ணாச்சியின் பேரேடு அதற்காகத்தான். குளத்துக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன், ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். "மறுகால்: ஏழு கண். மூன்றில் மண் அடைப்பு. ஓடை: சற்றுக் கீழே சாலைப் பாலம், இரண்டு குழாய், ஒன்றில் அமலை. தண்ணீர் முதலில் ஏறுவது கீழத்தெரு. மூன்றாம் வீட்டில் நடக்க முடியாத ஆச்சி, தூக்க இரண்டு பேர் வேண்டும். அடுத்த வீட்டில் மாசமாக இருக்கும் பிள்ளை, கார்த்திகையில் பேறுகாலம். டிராக்டர் மேலத்தெருவில். மடைச் சாவி டீக்கடைக்கு அடுத்த வீட்டில். மாடி உள்ள வீடு நான்கு, இரண்டு பேர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்." பக்கத்தின் அடியில் பென்சிலால்: "ஆச்சி மகன் மதுரையில். நம்பர் வாங்க வேண்டும்."

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் திட்டம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்கவும் சொல்கிறது. நம் மாவட்டத் திட்டம் உங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அதில் ஆச்சியின் வீடு இருக்காது. அதை எழுதுவது நம் பொறுப்பு.

நெல்லைக்காரர்களுக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில் ஓர் அளவுகோல். ஆற்றுக்குள் நிற்கும் அந்தக் கோயில் எதுவரை முங்கியது என்று கேட்டே வெள்ளத்தை எடைபோடுவார்கள். கீழே இருக்கிற ஊர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதால் அண்ணாச்சி பெயிண்ட் டப்பாவோடு போய் 1992-இல் தண்ணீர் நின்ற உயரத்தையும், 2023-இல் நின்ற உயரத்தையும் சத்திரச் சுவர்களிலும் பள்ளிச் சுவர்களிலும் கோடு போட்டு வைத்தார். சில ஊர்களில் வெள்ளையடித்து அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள். திரும்பப் போட வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்து வளர்கிற பிள்ளை, பெரியவனாகி வீடு கட்டும்போது அதற்கு மேலே தளம் போடுவான்.

53 குளங்களில் பாதிக்குச் சற்று மேல்தான் அவரால் முடிக்க முடிந்தது. மீதிப் பக்கங்களில் குளத்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. உடம்பு முடியாத கடைசி மாதங்களிலும் கட்டிலில் படுத்துக்கொண்டு எந்தக் குளத்துக்கு யாரை அனுப்பலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தோழர்களே, குளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எந்த வீட்டில் பேறுகாலம், எந்த வீட்டில் பிள்ளையைத் தூக்க ஆள் இல்லை என்பதெல்லாம் பெண்களிடம்தான் சொல்வார்கள். கரையில் நடங்கள். மறுகாலில் இறங்கிப் பாருங்கள். ஓடை போய்ச் சேரும் இடம் வரை விடாமல் போங்கள், முள் இருக்கிறது என்று பாதியில் திரும்பாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து ஓடையின் அகலம் காகிதத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மாதா கோயில் மணி, இவற்றில் எது மின்சாரம் இல்லாமலும் கேட்கும் என்று விசாரியுங்கள். பிசான நாற்றுப் பாவும் விவசாயிகளையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுகால் அடைத்தால் முதலில் அழிவது அவர்கள் வயலும் வாழையும்தான்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை. அந்தச் சபையில் உங்கள் குளத்தின் மறுகால் ஓடையைச் சுத்தம் செய்யவும், குழாய்ப் பாலத்தைக் கண் பாலமாக மாற்றவும் தீர்மானம் வர வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். 53 குளத்துத் தீர்மானங்களையும் ஒரே நாளில் கொண்டுபோய் ஆட்சியரிடம் கொடுப்போம்.

பேரேட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர் பெயருக்கு இரண்டு கோடுகள் விட்டிருக்கிறோம். இந்த வாரத்துக்குள் உங்கள் குளம் எது, உங்களோடு வருபவர் யார் என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு காலையில் கரையில் சந்திப்போம்.