முறுக்குத் தளர்ந்த புரி



சென்ற அறுவடைக் காலத்தில் பாபநாசம் பகுதியில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொண்டேன். மவுத்தானவருக்கு வயது 46. களத்துமேட்டில் நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சர்க்கரை இல்லை, புகைப் பழக்கம் இல்லை. அடக்கம் முடிந்து திரும்புகையில் அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஹஜ்ரத், இவருடைய அத்தாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. பெரியத்தாவும் இப்படித்தான் போனார். வெளியே பேசிவிடாதீர்கள், வீட்டில் இரண்டு குமருகள் இருக்கின்றன."

அந்தக் கடைசி வாக்கியம் பல நாட்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் தேடிப் படித்து அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறேன்.

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் மீனும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்ட புரதத்தை உடல் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதனை அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளாகப் பிரித்து, அந்த 20 வகை மணிகளையும் மீண்டும் வேறு வேறு வரிசையில் கோத்து, தனக்கு வேண்டிய பல்லாயிரம் புரதங்களைச் செய்துகொள்கிறது. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற கட்டளை மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. கோத்த சரம் சரமாகவே இருந்தால் பயனில்லை. அது மடிந்தும் முறுக்கியும் தனக்குரிய வடிவத்தை அடைய வேண்டும். வடிவம் அமைந்தால்தான் வேலை நடக்கும்.

இவ்வுண்மையின் ஒரு பெரும் பகுதி நம் சென்னையில் வெளிப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்பாருடன் இணைந்து, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை 1954-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதனைச் செம்மைப்படுத்தினார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலுக்கு உறுதி தருவது இந்தக் கொலாஜனே. நம் எலும்புக்கும், இரத்தக் குழாயின் சுவருக்கும், இதய வால்வுக்கும் வலுவூட்டுவதும் அதுவே.

அதன் வடிவம் நம் வயல்வெளி மக்களுக்கு அந்நியமானதன்று. வைக்கோலைத் திரித்துப் புரியாக்குகிறோம். மூன்று புரிகளை ஒன்றாக முறுக்கினால் கயிறு. கொலாஜனும் அவ்வாறே மூன்று சரங்கள் முறுக்கிய கயிறாகும். ஒவ்வொரு சரத்திலும் மூன்றுக்கு ஒரு மணி, கயிற்றின் நடுப்பக்கமாக உள்ளே திரும்புகிறது. அவ்விடம் மிகக் குறுகியது. ஆகவே அங்கே கிளைசீன் என்னும் மிகச் சிறிய மணி மட்டுமே அமர முடியும். மரபணுவின் பிழையால் அவ்விடத்தில் சற்றே பெரிய மணி வந்துவிட்டால் முறுக்குத் தளர்கிறது. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜனில் இப்படி நேர்ந்தால், இளம் வயதிலேயே பெருங்குழாய் கிழிந்து உயிர் போகக்கூடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகளில் ஒன்று மாறியதால் நேரும் விளைவு இது!

இனி இதயத்துக்கு வருவோம். இதயத் தசையில் ஒருவகை இழைகள் மற்றொரு வகை இழைகளைப் பற்றி இழுப்பதால்தான் துடிப்பு உண்டாகிறது. வைக்கோற்கட்டைப் புரி பிடித்திருப்பது போல அவ்விழைகளைப் பிணைத்து, இழுப்பின் வேகத்தையும் அளவையும் ஒழுங்குபடுத்தும் ஒரு புரதம் உண்டு. அதற்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் நிலை, 2003-இல் இந்தியக் குடும்பங்கள் இரண்டில் கண்டறியப்பட்டது. பின்னர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தண்டபாணியும், ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் இடம்பெற்ற ஆய்வுக்குழு 2009-இல் ஒரு செய்தியை வெளியிட்டது. இந்திய மக்களில் ஏறத்தாழ 100-க்கு 4 பேர் இக்குறையைச் சுமக்கின்றனர் என்பதே அது. சராசரிக் கணக்கில், ஜும்ஆவுக்கு 500 பேர் கூடினால் அவர்களுள் 20 பேர்!

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இக்குறையுள்ள அனைவரும் நோயாளியாவதில்லை. அதே மரபணுவில் வேறொரு சிறு மாற்றமும் சேர்ந்திருப்போருக்கே ஆபத்து மிகுதி எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நாம் கருத்தூன்ற வேண்டியது இக்குறையின் இயல்பையே. இளமையில் இது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. திருமணம் முடிந்து, மக்களைப் பெற்று, நாற்பதைக் கடந்த பிறகே பலருக்கு இதயம் தளர்கிறது. அதற்குள் குறை அடுத்த தலைமுறைக்குச் சென்றிருக்கும்.

நரம்பு நோய்களிலும் இதுவே கதை. வடிவம் பிறழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூளை உயிரணுக்களில் கட்டியாய்ப் படிவதைப் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயில் காண்கின்றனர். புரதங்களின் வடிவத்தை உலகுக்குக் காட்டிய இராமச்சந்திரனும் தம் இறுதி ஆண்டுகளில் அந்நோயால் வருந்தி, 2001-இல் மறைந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

ஒரே புரதம் நரம்பையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்குவதும் உண்டு. கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் நான்கு கூறுகள் கூடியமைந்தது. கூறுகள் பிரிந்து உருக்குலைந்தால், அவை நரம்பில் படிந்து பாதங்களை மரத்துப்போகச் செய்கின்றன. இதயத்தில் படிந்து அதன் சுவரை விறைக்கச் செய்கின்றன. போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் அந்திராதே, குடும்பம் குடும்பமாக வரும் இந்நோயை 1952-இல் விவரித்தார். இன்று அந்நான்கு கூறுகளையும் பிரியாமல் பிடித்துவைக்கும் மருந்தே வந்துவிட்டது. வடிவத்தை அறிந்ததனால் கிடைத்த மருந்து அது.

ஆகவே, நான் சொல்ல விழைவது இதுதான். குடும்பத்தில் யார், எந்த வயதில், எவ்வாறு இறந்தார் என்பது மறைக்க வேண்டிய இரகசியமன்று; அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வேண்டிய அமானிதம். ஐம்பதுக்குள் திடீர் மரணம் நேர்ந்த வீட்டில், உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் இதய மருத்துவரிடம் சென்று ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்வது நலம். ஓடும்போது மயக்கம், காரணமின்றிப் படபடப்பு, சிறு வேலைக்கே மூச்சுத்திணறல் இவை இருந்தால் காலம் தாழ்த்தலாகாது. முன்கூட்டி அறிந்தால் மருந்தும் கருவியும் கொண்டு காக்க வழியுண்டு.

சம்பந்தம் பேசுகையிலும் இது நினைவில் இருக்கட்டும். மாமன் மகளையும் மாமி மகளையும் மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை. ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த குறை இருபக்கமும் இருந்தால், பிள்ளைக்கு இரட்டிப்பாய்ச் சேர இடமுண்டு. அப்போது நோய் கடுமையாகலாம். திடீர் மரணங்கள் நேர்ந்த குடும்பத்துக்குள்ளேயே மீண்டும் மீண்டும் சம்பந்தம் செய்யுமுன் மருத்துவரைக் கேட்பது அறிவுடைமை. குறை பெண்ணின் குற்றமுமன்று, ஆணின் குற்றமுமன்று. பரிசோதித்துக்கொண்ட பெண்ணைப் பழிப்பது பெரும் அநீதி.

களத்துமேட்டில் சாய்ந்த அச்சகோதரருக்கு என்ன குறை இருந்தது என்பதை இனி எவரும் அறிய முடியாது; எவரும் பரிசோதிக்கவில்லை. நாற்பது நாள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்று, கூடத்தில் அமர்ந்து, இங்கே எழுதியவற்றைச் சொன்னேன். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அவருடைய தம்பி, "நானும் பிள்ளைகளும் தஞ்சாவூருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் ஹஜ்ரத்" என்றார். உள்ளிருந்து அந்தப் பெண்மக்களின் தாயார், "என் குமருகளையும் அழைத்துப் போங்கள்" என்றார்.

வல்ல இறைவன் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் நற்சுகத்தையும் உண்மை பேசும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.